உபைதுல்லா ஷெய்கும் குர்து தேசியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குர்துகளின் வரலாற்றைப் பேச ஆரம்பித்தால் 1880-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டில்தான் நெஹ்ரி என்ற மலைக்கிராமத்து சூஃபி ஷெய்கு உபைதுல்லா பெரும்படை திரட்டி ஈரானுக்குள் புகுந்தார்; குர்துகள் தனி மக்கள் என்று கடிதமும் எழுதினார். இதைச் சொன்னதும் எழும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

குர்துகள் யார்? அரபிகளா, துருக்கியர்களா?

இரண்டும் இல்லை. அவர்களுடைய மொழி ஈரானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது, பாரசீகத்துக்கு உறவுக்கார மொழி. அதிலேயே குர்மாஞ்சி, சொரானி என்று பெரிய பிரிவுகள் உண்டு. இன்று துருக்கி, ஈரான், இராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பிரிந்து வாழ்கிறார்கள். பெரும்பாலோர் சன்னி முஸ்லிம்கள். ஷியா, அலவி, யஸீதி குர்துகளும் இருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் எல்லைகள் வேறு மாதிரி இருந்தன. மேற்கே உஸ்மானியப் பேரரசு, கிழக்கே காஜார் மன்னர்களின் ஈரான். குர்துகளின் மலைகளை இந்த இரண்டும் பங்குபோட்டிருந்தன. 1639-லேயே இரு அரசுகளும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் கோடைக்கு ஒரு பக்கமும் குளிருக்கு மறுபக்கமும் ஆட்டுமந்தையோடு நகரும் மக்களுக்கு அந்த எல்லை நெடுங்காலம் பெரிய பொருட்டாக இல்லை.

சலாவுதீனே குர்துதானே? அவரிலிருந்து ஏன் ஆரம்பிக்கவில்லை?

சலாவுதீன் அய்யூபி குர்துக் குடும்பத்தில் பிறந்தவர்தான். 1187-ல் ஜெருசலேமை மீட்டது குர்துகளுக்காக அல்ல, இஸ்லாத்துக்காக என்றுதான் அவரும் அவர் காலத்தவர்களும் நினைத்தார்கள். குர்துகளுக்கென்று ஓர் அரசு வேண்டும் என்ற பேச்சு அவரிடம் இல்லை.

அந்த ஏக்கம் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கவிஞர் அஹ்மத் கானியிடம் தெரிகிறது. நமக்கென்று ஓர் அரசன் இருந்திருந்தால் துருக்கியரும் பாரசீகரும் நம்மை ஆண்டிருப்பார்களா என்று அவர் வருந்தினார். ஆனால் அது ஏட்டில் இருந்த ஏக்கம். ஆட்களைத் திரட்டி, வெளிநாட்டுத் தூதர்களிடம் கோரிக்கையாக வைத்தவர் என்று பார்த்தால் உபைதுல்லாவுக்கு வருகிறோம்.

சரி, யார் இந்த உபைதுல்லா?

நெஹ்ரி ஷெய்கு குடும்பத்தின் தலைவர். நெஹ்ரி இன்றைய துருக்கியின் தென்கிழக்கு மூலையில், ஹக்காரி மாகாணத்தில், ஷெம்தின்லி பக்கம் உள்ள கிராமம். ஈரான் எல்லையும் இராக் எல்லையும் கூப்பிடு தூரம். தந்தை செய்யிது தாஹாவும் பெயர்பெற்ற ஷெய்குதான். உபைதுல்லா பாரசீகத்தில் கவிதை எழுதியவர். ரூமியின் மஸ்னவி பாணியில் நீண்ட ஆன்மிகக் காவியம் ஒன்றை விட்டுச் சென்றிருக்கிறார். இரண்டு மகன்கள் அவர் கதையில் முக்கியமானவர்கள்: முஹம்மது சித்தீக், அப்துல் காதிர். 1883-ல் நாடுகடத்தப்பட்ட நிலையில் மெக்காவில் இறந்தார்.

ஷெய்கு என்றால் அரபு நாட்டுப் பணக்காரர்தானே?

இங்கே அந்தப் பொருள் இல்லை. சூஃபி வழியில் ஷெய்கு என்றால் குரு. அவரிடம் பைஅத் (சீடனாக உறுதிமொழி) எடுத்துக்கொண்டவர் முரீது. ஷெய்கு தன் சார்பில் பிறருக்கு வழிகாட்ட அனுமதி கொடுத்து நியமிப்பவர் கலீபா. குருவுக்குக் குரு என்று நபிகள் நாயகம் வரை நீளும் தொடர்ச்சி சில்சிலா. நம் ஊர் முஸ்லிம் பெரியவர்களிடம் கேட்டால் இந்தச் சொற்களை அப்படியே சொல்வார்கள்.

உபைதுல்லாவின் தரீக்கா, அதாவது சூஃபி வழி, நக்‌ஷபந்தியா. அதிலும் காலிதிய்யா கிளை. இந்தக் கிளையைத் தொடங்கிய மவ்லானா காலித், இன்றைய இராக்கின் ஷஹ்ரஸூர் பகுதியைச் சேர்ந்த குர்து. 1809 வாக்கில் அவர் கிளம்பிப் போனது டில்லிக்கு. அங்கே ஷா குலாம் அலி என்ற நக்‌ஷபந்தி குருவிடம் பயின்று, அனுமதி வாங்கிக்கொண்டு சொந்த மண்ணுக்குத் திரும்பினார். 1827-ல் டமாஸ்கஸில் இறப்பதற்குள் குர்து மலைகளெங்கும் கலீபாக்களை நியமித்துவிட்டார். குர்து தேசிய வரலாற்றின் ஒரு வேர் டில்லியில் இருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

சூஃபி என்றால் பாட்டும் தியானமும்தானே? அவர் கையில் துப்பாக்கி எப்படி வந்தது?

சுழன்று ஆடும் மவ்லவி தர்வேஷ்களை மட்டும் பார்த்துவிட்டு வரும் கேள்வி இது. நக்‌ஷபந்திகளில் பெரும்பாலோர் இறைவனை நினைந்து ஓதும் திக்ரைக்கூட சத்தமில்லாமல் மனதுக்குள் செய்பவர்கள். அதே சமயம் ஷரீஅத்தில் கண்டிப்பானவர்கள், ஆட்சியாளர்களுக்குப் புத்தி சொல்வதைக் கடமையாக நினைப்பவர்கள். வடக்குக் காக்கேசியாவில் ரஷ்யாவை எதிர்த்து 1859 வரை போராடிய இமாம் ஷாமிலும் இதே காலிதிய்யா வழியில் வந்தவர்தான்.

துப்பாக்கிக் கதை எளிது. 1877–78 ரஷ்ய-துருக்கிப் போரில் உபைதுல்லா சுல்தானின் பக்கம் நின்று குர்துப் படைகளுக்குத் தலைமை தாங்கினார். உஸ்மானிய அரசு குர்துகளுக்கு நவீன ரைஃபிள்கள் கொடுத்தது. போர் முடிந்தது, துப்பாக்கிகள் எல்லாம் திரும்பிப் போகவில்லை.

ஷெய்கு, முகைதீன் ஆண்டவர் வம்சம் என்று கேள்விப்பட்டேன். அப்படியா?

குடும்பம் அப்படித்தான் சொல்லிக்கொண்டது. நம் ஊரில் முகைதீன் ஆண்டவர் என்று கொண்டாடப்படும் பாக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி வழியில் வந்தவர்கள், அதனால் நபிகளாரின் குடும்பத்துச் செய்யிதுகள் என்பது அவர்கள் மரபு. காலிதின் வழிக்கு வருவதற்கு முன் அவர்கள் ஜீலானி பெயரால் வழங்கும் காதிரிய்யா என்ற சூஃபி வழியில்தான் இருந்தார்கள்.

வம்சாவளி சரியா என்று நிரூபிக்க நான் முயலப்போவதில்லை. ஊரார் அதை நம்பினார்கள், அதன் விளைவு பெரியது. செய்யிது என்பவர் எந்தக் குர்துக் குலத்துக்கும் சொந்தக்காரர் இல்லை. பகையில் இருக்கும் இரண்டு குலங்களும் நம்பக்கூடிய பொதுமனிதர் அவர். அடுத்த பதிலுக்கு இது தேவை.

குலத்தலைவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது மக்கள் ஏன் ஒரு மதகுரு பின்னால் போனார்கள்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 1830-கள் வரை குர்துகளை ஆண்டவர்கள் அவர்களுடைய சொந்த மீர்கள். சோரான், போஹ்தான், ஹக்காரி, பாபான் என்று பரம்பரைச் சிற்றரசுகள் இருந்தன. மீர் என்பவர் பல குலங்களுக்கு மேலே நின்று வழக்கு தீர்ப்பவர், பகையைத் தடுப்பவர். பிறகு உஸ்மானிய அரசு எல்லாவற்றையும் இஸ்தான்புல்லின் நேரடி நிர்வாகத்துக்குள் கொண்டுவர நினைத்தது. 1836-ல் ரவாந்துஸ் மீர் சரணடைந்தார், 1847-ல் போஹ்தானின் பெதிர்கான் பே வீழ்ந்தார், 1850-களின் தொடக்கத்தில் பாபான்களும் போனார்கள்.

மீர்கள் போன இடத்தில் வந்த அதிகாரிகளுக்கு மலையில் செல்வாக்கு கிடையாது. வரி வாங்கத் தெரியும், இரத்தப்பகையைத் தீர்க்கத் தெரியாது. இரண்டு குலங்கள் வெட்டிக்கொண்டால் ஒரு குலத்தின் ஆகா (குலத்தலைவர்) சொல்வதை மறு குலம் கேட்காது. எல்லோரும் கேட்கக்கூடிய ஒரே ஆள் ஷெய்கு. நெஹ்ரியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் வழக்கோடும் நேர்ச்சையோடும் வந்து, சாப்பிட்டு, தீர்ப்பு வாங்கிப் போனார்கள். அங்கே போய்வந்த வெளிநாட்டவர்கள் விருந்தினர் கூட்டத்தைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்கள்.

காலிதிய்யாவின் அமைப்பு முறையும் உதவியது. குர்துகளிடையே காதிரிய்யா தலைமை பெரும்பாலும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றியது. மவ்லானா காலித் குடும்பம் பார்க்காமல் தகுதியானவர்களை ஏராளமாகக் கலீபாக்களாக்கினார். அவர்களும் அப்படியே செய்தார்கள். ஒரு தலைமுறைக்குள் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஆள் இருந்தது. அந்த வலை உஸ்மானிய எல்லையில் நிற்கவில்லை; ஈரான் பக்கத்துச் சன்னி குர்துகளிடமும் போனது. குலங்களையும் எல்லையையும் ஒருசேரத் தாண்டிய அமைப்பு அந்த மலைகளில் வேறு எதுவும் இல்லை. 1858 உஸ்மானிய நிலச்சட்டத்துக்குப் பின் பல ஷெய்குகள் கிராமங்களைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டு பெரிய நிலக்கிழார்களும் ஆனார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பக்தியோடு பணமும் இருந்தது.

அர்மீனியர்களுக்குப் பயந்துதான் இவர் எழுந்தார் என்கிறார்களே?

பாதி உண்மை. 1878 பெர்லின் ஒப்பந்தத்தின் 61-ஆவது பிரிவு, அர்மீனியர்கள் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்ய வேண்டும், சர்க்காசியரிடமிருந்தும் குர்துகளிடமிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டும் என்று சொன்னது. ஐரோப்பிய வல்லரசுகள் கையெழுத்திட்ட காகிதத்தில் குர்துகளின் பெயர் வந்ததே குற்றவாளிக் கூண்டில்தான். வான் மாகாணத்தில் அர்மீனிய அரசு வரப்போகிறது, நெஸ்தோரியக் கிறிஸ்தவர்கள் பிரிட்டிஷ் கொடி ஏற்றப்போகிறார்கள் என்று வதந்திகள் பறந்தன. பெண்கள் கையில் ஆயுதம் கொடுத்தாவது அதைத் தடுப்பேன் என்று ஷெய்கு சொன்னதாக 1880 கோடையில் பிரிட்டிஷ் துணைத்தூதர் அறிக்கை அனுப்பினார்.

மீதிப் பாதி என்னவென்றால், போரும் அதைத் தொடர்ந்த கொடும் பஞ்சமும் மலைகளை உலுக்கியிருந்தன. உஸ்மானிய அதிகாரிகளின் கெடுபிடியை எதிர்த்து 1879-லேயே ஷெய்குவின் ஆட்கள் ஒருமுறை மோதிப்பார்த்தார்கள். ஷெய்கு உள்ளூர்க் கிறிஸ்தவர்களோடு பகையை வளர்க்கவும் விரும்பவில்லை. ஈரான் மீது படை போனபோது கிறிஸ்தவர்களைத் தொடாதீர்கள் என்று உத்தரவிட்டார். ஐரோப்பாவின் கண் தன்மேல் இருக்கிறது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்.

கோபம் உஸ்மானிய அதிகாரிகள் மேல், ஆனால் படையெடுத்தது ஈரான் மேல். ஏன்?

ஈரான் மேலும் கோபம் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், உருமியா ஏரிக்கு மேற்கே, அவர் குடும்பத்துக்குக் கிராமங்கள் இருந்தன. தந்தை காலத்தில் ஈரான் அரசு மானியமாகக் கொடுத்தவை. 1870-களில் ஈரானிய அதிகாரிகள் அங்கே வரி கேட்டு நெருக்கினார்கள், ஷெய்குவின் ஆட்களை அடித்தார்கள். மங்கூர் குலத் தலைவர் ஹம்ஸா ஆகாவும் ஈரானிய ஆளுநரோடு சண்டையிட்டு ஷெய்குவிடம் வந்து சேர்ந்தார். ஷியா அரசின் கீழ் சன்னி குர்துகள் படும் பாடு என்று சொன்னால் ஆட்களைத் திரட்டுவது சுலபம்.

அப்புறம் கணக்கும் இருந்தது. சுல்தான் சன்னி உலகின் கலீபா, அதாவது மதத்தலைவர் (ஷெய்கு நியமிக்கும் கலீபா வேறு). அவரை நேராக எதிர்த்தால் ஷெய்குவின் முரீதுகளே தயங்கியிருப்பார்கள். ஈரான் பலவீனமானது, ஷியா நாடு, சுல்தானுக்கும் ஆகாதது. அங்கே முதலில் காலூன்றினால் இஸ்தான்புல் கண்டும் காணாமல் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

படையெடுப்பில் என்னதான் நடந்தது? சிலர் வீரகாவியம் என்கிறார்கள், சிலர் கொள்ளை என்கிறார்கள்.

1880 அக்டோபரில் படைகள் பல பிரிவாக இறங்கின. அப்துல் காதிரும் ஹம்ஸா ஆகாவும் தெற்கே ஸாவுஜ்புலாக்கைப் பிடித்தார்கள். இன்றைய மஹாபாத் அதுதான். அங்கிருந்து மியாந்தோஆப் நகரத்துக்குப் போனார்கள். ஷெய்குவே ஒரு படையோடு வந்து உருமியா நகரத்தை முற்றுகையிட்டார். தப்ரீஸில் பீதி பரவியது.

மியாந்தோஆபில் நடந்தது படுகொலை. ஷியா மக்கள் வயது பார்க்காமல் வெட்டப்பட்டார்கள், ஊர் சூறையாடப்பட்டது. இறந்தவர்கள் மூவாயிரம் வரை என்று பல வரலாறுகள் சொல்கின்றன. இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு முதல் தேசிய எழுச்சி என்று மட்டும் எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஈரானிய நூல்களில் அவர் கொள்ளைக்காரராகவே நிற்பதற்குக் காரணம் இந்த ஊர்தான்.

கொள்ளை கிடைத்ததும் குலப்படைகள் பொருளோடு வீடு திரும்ப ஆரம்பித்தன. உருமியாவில் முற்றுகை இழுத்தடித்தது. மாக்கூவிலிருந்து தைமூர் பாஷா கான் ஈரானியப் படையோடு வந்துசேர, நவம்பரில் ஷெய்கு பின்வாங்கினார். பிறகு ஈரானியப் படைகள் சன்னி குர்துக் கிராமங்களை எரித்துப் பழிதீர்த்தன. ஹம்ஸா ஆகா அடுத்த ஆண்டு சமாதானப் பேச்சு என்று அழைக்கப்பட்டு வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்.

புகழ்பெற்ற அந்தக் கடிதத்தை ஓர் அமெரிக்க டாக்டருக்கு ஏன் எழுதினார்?

ஜோசப் காக்ரன் உருமியாவில் இருந்த அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷனின் மருத்துவர். உருமியாவிலேயே பிறந்தவர், உள்ளூர் மொழிகள் தெரிந்தவர். ஷெய்கு நோயுற்றபோது நெஹ்ரிக்குப் போய்ச் சிகிச்சை செய்து நம்பிக்கை பெற்றிருந்தார். ஷெய்குவுக்கு எட்டும் தூரத்தில் இருந்த, ஆங்கிலத் தூதர்களிடம் செய்தியைக் கொண்டுபோகக்கூடிய நண்பர் அவர். கடிதம் தப்ரீஸில் இருந்த பிரிட்டிஷ் தூதர் அபாட் கைக்குப் போய், கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற ஆவணங்களில் அச்சானது. அதனால்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது.

அதன் சாரம் இது. குர்துகள் ஐந்து லட்சம் குடும்பங்களுக்கு மேற்பட்ட தனி மக்கள். அவர்கள் மதம் வேறு, சட்டமும் வழக்கமும் வேறு. உலகம் அவர்களைக் கலகக்காரர்கள் என்று பழிக்கிறது. ஒருவன் செய்யும் தீமைக்கு ஆயிரம் நல்லவர்கள் பேர் கெடுகிறது. குர்துத் தலைவர்கள், துருக்கிக் குடிகளாக இருந்தாலும் பாரசீகக் குடிகளாக இருந்தாலும், இரண்டு அரசுகளோடும் இனி இப்படியே காலம் தள்ள முடியாது என்பதில் ஒருமித்திருக்கிறார்கள். எங்கள் காரியங்கள் எங்கள் கையில் இருக்க வேண்டும்.

அதே மருத்துவர்தான் முற்றுகையின்போது நகரத்துக்காகவும் ஷெய்குவிடம் பேசினார். தாக்குதல் தள்ளிப்போனது, அந்த இடைவெளியில் நகரம் மதிலைப் பலப்படுத்திக்கொண்டது. இத்தனைக்குப் பிறகும் மிஷன்காரர்கள் ஷெய்குவின் ஆட்கள் என்று ஈரானியத் தரப்பில் சந்தேகம் எழுந்தது.

அப்படியானால் தனி நாடு கேட்டார் என்று சொல்லலாமா? சுல்தானுக்கு விசுவாசம் என்றும் சொன்னாராமே?

இரண்டையும் சொன்னார். மேலே உள்ள கடிதத்தில் இரு அரசுகளும் வேண்டாம் என்ற தொனி இருக்கிறது. உஸ்மானிய அதிகாரிகளோடு பேசும்போது சுல்தான் அப்துல் ஹமீது மீது தனக்கு எந்தக் குறையும் இல்லை, குறை எல்லாம் கெட்ட அதிகாரிகள் மேல்தான் என்றார். யாரிடம் பேசுகிறாரோ அவருக்கேற்ற பேச்சு. சில ஆய்வாளர்கள் இதை வைத்து அவரை நம்பமுடியாதவர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலீபாவின் நிழலில், தன் குடும்பத்தின் தலைமையில், குர்துகள் தங்களை ஆண்டுகொள்ளும் ஓர் அமைப்புதான் அவர் மனதில் இருந்தது என்று படித்தால் இரண்டு பேச்சும் முட்டிக்கொள்வதில்லை. எகிப்தும் பல்கேரியாவும் பெயருக்கு சுல்தானின் கீழ் இருந்துகொண்டே தனியாக நடந்ததை அந்தக் காலத்தவர்கள் கண்முன் பார்த்தார்கள்.

தேசியவாதி என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டிய பட்டம்தானே?

ஆய்வாளர்கள் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு தரப்புக்கு அவர் முதல் குர்து தேசியவாதி. மறு தரப்புக்கு அவர் பல குலங்களைச் சேர்த்துக்கொண்டு தன் ஆட்சிப்பரப்பை விரிக்கப் பார்த்த ஒரு ஷெய்கு. அவர் பின்னால் போன முரீதுகள் சொர்க்கத்துக்கும் கொள்ளைக்கும் போனார்களே தவிர குர்திஸ்தானுக்காகப் போகவில்லை.

இரண்டாம் தரப்பின் கடைசி வாதத்தை நான் ஏற்கிறேன். மலையில் இருந்த சாதாரண முரீது தேசியவாதி இல்லை. ஆனால் கடிதம் எழுதியவர் வேறு. பெர்லின் ஒப்பந்தத்துக்குப் பின் ஐரோப்பா காது கொடுப்பது 'மக்கள்' என்ற கோரிக்கைக்குத்தான் என்பதை அவர் கவனித்திருந்தார். அர்மீனியருக்குக் கிடைத்த அந்த மொழியைத் தன் மக்களுக்கும் எடுத்துக்கொண்டார். மக்கள் தொகை, தனிச்சட்டம், தனி வழக்கம், பழியிலிருந்து மானம் காப்பது என்று அவர் அடுக்கும் வரிசை எந்தச் சூஃபி நூலிலிருந்தும் வந்ததல்ல. அதே சமயம், சில்சிலா இல்லாமல் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் நிற்க ஆள் இருந்திருக்காது. மதமா தேசியமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களிடம், 1880-ல் ஒன்றை விட்டு மற்றது எழுந்து நிற்க வழி இருந்ததா என்று திருப்பிக் கேட்பேன்.

கலகம் செய்தவரை சுல்தான் ஏன் தூக்கிலிடவில்லை?

ஒரு சன்னி செய்யிதை, லட்சக்கணக்கானோர் கையை முத்தமிடும் ஷெய்குவைக் கொன்றால் அவர் தியாகியாகிவிடுவார். ரஷ்ய எல்லையில் குர்துகளின் உதவியும் தேவை. அதனால் 1881-ல் மரியாதையோடு இஸ்தான்புல்லுக்கு வரவழைத்து அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 1882-ல் அவர் தப்பி மலைக்குத் திரும்பினார். மறுபடி பிடித்து இந்தமுறை மெக்கா இருக்கும் ஹிஜாஸுக்கு அனுப்பினார்கள். புனித மண்ணுக்கு அனுப்புவதைத் தண்டனை என்று யாரும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது அல்லவா!

அப்துல் ஹமீது பாடம் கற்றுக்கொண்டார். 1891-ல் குர்துக் குலங்களிலிருந்தே ஹமீதியா குதிரைப்படையை அமைத்தார். ஆயுதமும் பட்டமும் நேராக ஆகாக்களுக்குப் போயின. ஷெய்கு சேர்த்துவைத்த குலங்கள் மறுபடி தனித்தனியாக சுல்தானோடு கட்டப்பட்டன.

அவர் மகன் என்ன ஆனார்?

அப்துல் காதிரின் வாழ்க்கை அப்பாவினுடையதைவிட நீண்ட சோகம். 1908 இளந்துருக்கியர் புரட்சிக்குப் பின் இஸ்தான்புல் வந்தார். அதே ஆண்டு தொடங்கிய குர்து ஒத்துழைப்பு முன்னேற்றச் சங்கத்தின் தலைவரானார். மேலவை உறுப்பினரானார். 1918-ல் குர்திஸ்தான் உயர்வுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அங்கே வெடித்தது சண்டை: பெதிர்கான் வழிவந்தவர்கள் முழு விடுதலை வேண்டும் என்றார்கள், அப்துல் காதிர் துருக்கியரோடு சேர்ந்த சுயாட்சி போதும் என்றார். பழைய மீர் குடும்பமும் ஷெய்கு குடும்பமும் மலையில் விட்ட போட்டியைத் தலைநகரில் தொடர்ந்தார்கள் என்றும் பார்க்கலாம்.

1920 செவ்ரே ஒப்பந்தம் குர்துகளுக்குச் சுயாட்சியும் பிறகு விடுதலைக்கான வழியும் காட்டியது. 1923 லோசான் ஒப்பந்தம் அதை விழுங்கிவிட்டது. 1925-ல் ஷெய்கு சயீத் கிளர்ச்சியில் தொடர்பு என்று குற்றம்சாட்டி, முதியவர் அப்துல் காதிரையும் அவர் மகனையும் தியார்பக்கிரில் தூக்கிலிட்டார்கள். கிளர்ச்சியில் அவர் பங்கு எவ்வளவு என்பது இன்றுவரை சர்ச்சை. கலீபாவின் அரசு தந்தையைக் கொல்லவில்லை. கலீபாவை ஒழித்த குடியரசு மகனைத் தூக்கிலிட்டது.

ஷெய்கு சயீத் கிளர்ச்சி மதக் கிளர்ச்சியா, இனக் கிளர்ச்சியா? இவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

உறவு இல்லை, ஆனால் பாதை ஒன்று: அவரும் நக்‌ஷபந்தி ஷெய்கு. 1924 மார்ச்சில் துருக்கி கிலாபத்தை (கலீபா பதவியை) ஒழித்தது, மதரஸாக்களை மூடியது. உஸ்மானியக் கலீபா என்ற ஒரே கயிறுதான் சன்னி குர்துகளைத் துருக்கியரோடு கட்டியிருந்தது. அது அறுந்ததும், சுல்தானுக்கு விசுவாசம் என்று உபைதுல்லா வைத்திருந்த தயக்கத்துக்கு இடமில்லாமல் போனது.

இன்னொரு விவரம் பலருக்குத் தெரியாது. கிளர்ச்சியைத் திட்டமிட்டது ஆஸாதி என்ற இரகசிய அமைப்பு. அதில் இருந்தவர்கள் பலர் ஜிப்ரான் காலித் பே போன்ற குர்து ராணுவ அதிகாரிகள். கிராமங்களை எழுப்ப முடிந்தது ஷெய்குவால் மட்டும்தான். காலித் பே முன்பே கைதாகிவிட, 1925 பிப்ரவரியில் பீரான் என்ற ஊரில் துப்பாக்கி வெடித்தபோது தலைமை ஷெய்கு சயீதிடம் இருந்தது. இரண்டு மாதத்தில் அடக்கினார்கள். ஜூன் 29 அன்று தியார்பக்கிரில் தூக்கு. அந்த ஆண்டு நவம்பரில் துருக்கி எல்லா தெக்கேகளையும் (சூஃபி மடங்களையும்) சட்டம் போட்டு மூடியது.

சன்னி ஷெய்கு தலைமை என்றால் அலவி, ஷியா, யஸீதி குர்துகள் எங்கே போவார்கள்?

சங்கடமான கேள்வி, நியாயமான கேள்வி. உபைதுல்லா 'நம் மதம் வேறு' என்று எழுதியபோது மனதில் வைத்தது சன்னி குர்துகளைத்தான். கெர்மான்ஷா பக்கத்து ஷியா குர்துக்கு அந்த வாக்கியத்தில் இடம் இல்லை. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் இதே பிளவு வெளிப்பட்டது: 1925-ல் அலவிகளான ஹோர்மெக், லோலன் குலங்கள் ஷெய்கு சயீதை எதிர்த்தே போரிட்டன. அதற்கு முன் 1921-ல் கோச்கிரி அலவி குர்துகள் எழுந்தபோது சன்னி குர்துகள் உதவிக்குப் போகவில்லை. குலங்களைத் தாண்ட ஷெய்குவுக்கு உதவிய சில்சிலா, மத எல்லை வந்ததும் மதிலாக நின்றது.

இப்போதைய குர்து இயக்கங்கள் இடதுசாரிகளாச்சே. ஷெய்குகளை எப்படிப் பார்க்கிறார்கள்?

இந்தக் கோபம் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் ஹாஜி காதிர் கோயி, படிப்பையும் பத்திரிகையையும் விட்டுவிட்டு ஷெய்குகளின் காலில் விழுகிறீர்களே என்று தன் மக்களைத் திட்டினார். 1978-ல் பிறந்த பி.கே.கே. (குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி) ஷெய்குகளையும் ஆகாக்களையும் சுரண்டல்காரர்களின் பட்டியலில் வைத்தது. அந்த இயக்கம் 1984 ஆகஸ்ட் 15 அன்று தன் ஆயுதப் போரை இரண்டு ஊர்களில் தொடங்கியது. ஒன்று எரூஹ், மற்றது ஷெம்தின்லி. உபைதுல்லாவின் மாவட்டமேதான்.

இன்று ஷெய்கு குடும்பங்கள் அரசியலில் இருக்கின்றனவா?

இராக்கியக் குர்திஸ்தானின் இரண்டு பெரிய கட்சிகளையும் பாருங்கள். 1946-ல் தொடங்கிய குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சி பர்சானி குடும்பத்தின் கையில். பர்சானிகள் காலிதிய்யா ஷெய்குகள். முஸ்தஃபா பர்சானியின் அண்ணன் ஷெய்கு அப்துல் சலாமை உஸ்மானியர்கள் 1914-ல் மோசுலில் தூக்கிலிட்டார்கள். 1975-ல் தொடங்கிய குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியத்தை நிறுவிய ஜலால் தாலபானி, 2005-ல் இராக்கின் குடியரசுத் தலைவரானவர், காதிரிய்யா ஷெய்கு குடும்பத்தில் பிறந்தவர். அவரே இடதுசாரி அரசியல் பேசியவர், கட்சிக்குள் யாரும் அவரிடம் பைஅத் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு கட்சிகளிலும் தலைமை இப்போது மகன்களிடமும் மருமக்களிடமும்தான் இருக்கிறது.